மனுஷன்மேல் நம்பிக்கை: எரேமியாவின் சாபம் யார்மேல்?

சகோதரி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டுக்கு வந்து ஜெபிக்கிற ஒருவர் எரேமியா 17:5-ஐ வாசித்துவிட்டு, "மாத்திரையை நம்புகிறவர்கள் மனுஷனை நம்புகிறவர்கள், அந்தச் சாபம் இந்த வீட்டில் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா மாத்திரையைத் தொடுவதில்லை. வசனம் அப்படித்தான் சொல்கிறதா என்பது உங்கள் முதல் கேள்வி. ஆசா ராஜா வைத்தியர்களைத் தேடியதால்தான் செத்தான் என்றும் அவர் சொன்னாராம். அதற்கு என்ன பதில் என்பது இரண்டாவது.

முதலில் அம்மாவைப் பாருங்கள். மாத்திரை நின்றுபோனதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி இன்றைக்கே திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். இனி வருவதை அப்புறம் நிதானமாக வாசித்துக்கொள்ளலாம்.

வசனம் முழுதாக இப்படி இருக்கிறது: "மனுஷன்மேல் நம்பிக்கைவைத்து, மாம்சமானதைத் தன் புயபலமாக்கிக்கொண்டு, கர்த்தரை விட்டு விலகுகிற இருதயமுள்ள மனுஷன் சபிக்கப்பட்டவன்." பிரசங்கங்களில் பெரும்பாலும் முதல் துண்டோடு நிறுத்திவிட்டுச் சாபத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் கிடப்பதுதான் விஷயமே. மூன்று தனித்தனிக் குற்றவாளிகளை எரேமியா வரிசைப்படுத்தவில்லை, ஒரே ஆளைத்தான் வர்ணிக்கிறார். கர்த்தரை விட்டு விலகுவது என்று அந்த ஆள் உள்ளுக்குள் முடிவெடுத்துவிட்டான். விலகினாலும் ஒன்றும் ஆகாது என்ற தைரியத்துக்கு ஒரு புயத்தைத் தேடிப் பிடிக்கிறான். அந்தப் புயம் எது என்று அன்றைய எருசலேமில் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

நூறு வருஷத்துக்கு முன்பிருந்தே அந்த ஊரில் இந்தப் பேச்சு உண்டு. கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிப் யூதாவுக்குள் வந்தபோது, யூதாவின் ராஜா எசேக்கியாவின் அரண்மனையில் ஒரு கூட்டம் எகிப்தின் குதிரைகளையும் இரதங்களையும் நம்பிக்கொண்டிருந்தது. எகிப்தியர் தெய்வம் அல்ல, மனுஷர்தான், அவர்கள் குதிரைகளும் மாம்சந்தான் என்று ஏசாயா அவர்களைக் கடிந்துகொண்டார் (31:3). அதே சமயத்தில் எசேக்கியா தன் ஜனங்களைத் தைரியப்படுத்தும்போது அசீரியனோடு இருப்பது "மாம்ச புயம்" என்கிறான் (2 நாளாகமம் 32:8). இரண்டு இடத்திலும் பேச்சு படையைப் பற்றியது. வேடிக்கை என்னவென்றால், எதிரியான அசீரிய அதிகாரி ரப்சாக்கேயும் மதில் ஓரம் நின்று அதையேதான் சொன்னான். எகிப்து நெரிந்த நாணற்கோல், ஊன்றினால் கையைக் குத்தும் என்றான். அந்த ஒரு விஷயத்தில் தீர்க்கதரிசிக்கும் சத்துருவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எரேமியாவின் காலத்துக்கு வருவோம். கி.மு. 609-ல் யோசியா ராஜா மெகிதோவில் எகிப்தின் ராஜா பார்வோன்நேகோவின் கையில் செத்தான். அடுத்து வந்த யோவாகாஸை மூன்றே மாதத்தில் இறக்கிவிட்டு, யோயாக்கீமை ராஜாவாக்கியதும் அதே நேகோதான். கி.மு. 605-ல் கர்கேமிஸில் எகிப்து பாபிலோனிடம் தோற்றது. யோயாக்கீம் பாபிலோனுக்குக் கப்பம் கட்டினான், பிறகு எகிப்துப் பக்கம் காற்றடிப்பதாக நினைத்துக் கலகம் பண்ணினான். கி.மு. 597-ல் எருசலேம் பிடிபட்டது. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் சிங்காசனத்தில் உட்கார்த்தி வைத்த சிதேக்கியாவும் கொஞ்ச வருஷத்தில் அதே பாதையில் போனான். குதிரைகளும் ஆட்களும் வேண்டும் என்று எகிப்துக்குத் தூதர்களை அனுப்பினான் என்கிறார் எசேக்கியேல் (17:15). வேதாகமத்துக்கு வெளியிலும் இந்தப் போக்குவரத்தின் தடம் இருக்கிறது. 1935-ல் லாகீஸ் நகரத்து வாசலறையைத் தோண்டியபோது மையால் எழுதிய பானைச் சில்லுகள் கிடைத்தன. அவற்றில் மூன்றாவது கடிதத்தில், எல்நாத்தானின் மகன் கொனியாகு என்ற படைத்தலைவன் எகிப்துக்குப் போகப் புறப்பட்டு வந்திருக்கிறான் என்று ஓர் அதிகாரி மேலிடத்துக்குத் தெரிவிக்கிறான். பெயர் சொல்லாத ஒரு தீர்க்கதரிசியிடமிருந்து "எச்சரிக்கையாயிரு" என்று வந்த கடிதம் ஒன்றையும் அதே சில்லு குறிப்பிடுகிறது. அது எரேமியாவா என்று ஆராய்ச்சியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நாம் அதற்குள் போக வேண்டியதில்லை.

17-ஆம் அதிகாரத்தில் தேதி எதுவும் இல்லை. அதனால் இந்த வசனம் இன்ன வருஷத்தில் சொல்லப்பட்டது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது எப்படிப்பட்ட ஆளைப் பற்றியது என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால், 34-ஆம் அதிகாரத்தையும் 37-ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். தனித்தனியாக வாசிப்பதால் நம்மில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

கி.மு. 588-ஐ ஒட்டிய நாட்கள். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டுமே மிச்சம். இந்த நெருக்கடியில் சிதேக்கியாவும் பிரபுக்களும் ஆலயத்தில் ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள். எபிரெய அடிமைகள் ஆண், பெண் எல்லாரையும் விடுதலை பண்ணுவது என்று. ஆறு வருஷம் வேலை செய்தவனை ஏழாம் வருஷத்தில் அனுப்பிவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டத்திலேயே இருந்தது, யாரும் அதைச் செய்யவில்லை. இப்போது ஒரு கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, துண்டுகளின் நடுவே நடந்து சத்தியம் பண்ணினார்கள். மீறினால் எனக்கும் இதே கதி ஆகட்டும் என்பதுதான் அந்தச் சடங்கு. அடிமைகளை அனுப்பியும் விட்டார்கள்.

பிறகு செய்தி வந்தது. பார்வோன் ஒப்பிராவின் சேனை எகிப்திலிருந்து புறப்பட்டுவிட்டது. பாபிலோனியர் முற்றுகையை விட்டு விலகினார்கள் (37:5). ஊருக்கு மூச்சு வந்தது. எருசலேமில் அந்த நாட்களில் எத்தனை வீட்டில் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மூச்சு வந்தவுடன் பிரபுக்கள் செய்த காரியம் 34:11-ல் இருக்கிறது: அனுப்பிவிட்ட அடிமைகளைத் திரும்பப் பிடித்துவந்து மறுபடியும் வேலைக்கு உட்படுத்தினார்கள். அடிமைகளின் கதையைச் சொல்லும் அதிகாரம் பாபிலோன் படை விலகிப்போனதையும் கடைசி இரண்டு வசனங்களில் சொல்கிறது. அதனால் இரண்டு நிகழ்ச்சியும் ஒரே சமயத்தவை என்று எடுத்துக்கொள்ள நல்ல ஆதாரம் உண்டு. கர்த்தரின் பதில் கடுமையான கிண்டலோடு வருகிறது. நீங்கள் விடுதலை கூறவில்லை, ஆகவே நான் உங்களுக்கு விடுதலை கூறுகிறேன், பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும் (34:17).

17:5-க்கு வேறு வியாக்கியானம் எனக்குத் தேவைப்படவில்லை. ஆபத்து கழுத்தில் இருந்தபோது கர்த்தருக்கு முன்பாக ஒரு நியாயத்தைச் செய்தார்கள். எகிப்தின் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டதும் அந்த நியாயம் வேண்டாததாகிவிட்டது. விலகுகிற இருதயமும் மாம்ச புயமும் எப்படி ஒன்றுக்கொன்று உதவிக்கொள்கின்றன என்பது இதுதான். அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். பிரபுக்கள் கொடுக்கவில்லை. விடுதலையாகி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்த அந்த அடிமைப் பெண் கொடுத்தாள்.

உங்கள் அம்மா மாத்திரை போட்டுக்கொண்டதால் எந்த நியாயத்திலிருந்து விலகினார்? யாரைத் திரும்ப அடிமையாக்கினார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இந்த வசனத்துக்கு அவரிடத்தில் வேலை இல்லை.

மனிதர்மேல் எந்த நம்பிக்கையும் கூடாது என்பது எரேமியாவின் கருத்தாக இருந்தால், முதலில் மாட்டிக்கொள்கிறவர் அவர்தான். யோயாக்கீமின் நாளில் கூட்டம் அவரைக் கொல்லப் பார்த்தபோது சாப்பானின் குமாரன் அகீக்காம் காப்பாற்றினான். அவர் சொல்லச் சொல்லப் பாருக் எழுதினான், அவருக்குப் பதிலாக ஆலயத்தில் போய் வாசித்தும் காட்டினான். முற்றுகை நடக்கும்போதே, காவலில் இருந்துகொண்டு, ஆனதோத்தில் இருந்த நிலத்தைச் தகப்பனுடைய சகோதரன் மகன் அனாமெயேலிடம் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகள் வைத்து, தராசில் வெள்ளியை நிறுத்து, பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். பத்திரம், சாட்சி, தராசு எல்லாமே மனுஷர் ஏற்பாடுதான். வைத்தியத்தைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த பிரபலமான வாக்கியமும் ஒன்று உண்டு: கீலேயாத்தில் பிசின் தைலம் இல்லையோ, வைத்தியனும் அங்கே இல்லையோ (8:22). வைத்தியனைத் தேடுவது சாபம் என்று நினைக்கிறவர் வாயில் அந்த உவமை வராது.

எல்லாவற்றுக்கும் மேலே எபெத்மெலேக் இருக்கிறான். அரண்மனை வேலைக்காரன், எத்தியோப்பியன். பிரபுக்கள் எரேமியாவைத் துரவில் இறக்கிவிட, அவர் சேற்றில் அமிழ்ந்துகொண்டிருந்தபோது, இவன் ராஜாவிடம் நேரே போய்ப் பேசி, முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பழந்துணிகளையும் கந்தைகளையும் கயிற்றில் கட்டி இறக்கி, அக்குளில் வைத்துக்கொள்ளும், கயிறு அறுக்கும் என்றான். அவ்வளவு அக்கறை. எரேமியா அந்த மனுஷன் சொன்னபடி துணியை வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து மேலே வந்தார். நான் மாம்சத்தைச் சார்ந்துகொள்ளேன் என்று சேற்றிலேயே நிற்கவில்லை. அப்புறம் கர்த்தர் எபெத்மெலேக்குக்கு அனுப்பிய வார்த்தையைப் பாருங்கள்: நீ என்னை நம்பினபடியினால் உன்னை விடுவிப்பேன் (39:18). கயிறும் கந்தையுமாக வந்து நின்றவனுடைய செயலுக்கு அங்கே கொடுக்கப்படுகிற பெயர் கர்த்தர்மேல் நம்பிக்கை.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. எகிப்தை நம்பாதே என்ற எரேமியா, பாபிலோனுக்குச் சரணடை என்றாரே, அது மட்டும் மாம்சத்தை நம்புவது ஆகாதா? அவர் காலத்திலேயே இதைக் கேட்டார்கள், துரோகி என்றார்கள். பென்யமீன் வாசலில் யெரியா என்ற காவல் தலைவன் அவரைப் பிடித்தது, நீ கல்தேயரிடம் (பாபிலோனியரிடம்) ஓடப் பார்க்கிறாய் என்றுதான். நான் வாசித்தமட்டில் பாபிலோன் இரட்சிக்கும் என்று எரேமியா ஓரிடத்திலும் சொல்லவில்லை. பாபிலோன் ஒரு நுகம், அதைச் சுமந்தால் உயிர் மிஞ்சும், அதற்கும் ஒரு முடிவு உண்டு என்பதே அவர் பேச்சு. நகரம் விழுந்தபின் பாபிலோனுக்கு வந்தால் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று காவல் சேனாதிபதியே அழைத்தும் அவர் போகவில்லை, இடிபாட்டிலேயே தங்கினார். ஆனாலும் கொலை செய்ய வந்த படைக்குப் பணியச் சொன்ன அந்தச் செய்தி இன்றைக்கும் தொண்டையில் சிக்குகிறது. சிக்காமல் வாசிக்கிறவர்கள் சரியாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே இடிபாட்டுக் காலத்தில் இன்னொரு சம்பவம். பாபிலோன் அதிபதியாக வைத்த கெதலியாவிடம், இஸ்மவேல் உம்மைக் கொல்ல வருகிறான் என்று யோகனான் எச்சரித்தான். கெதலியா நம்பவில்லை. இஸ்மவேல் வந்து, சேர்ந்து சாப்பிட்டு, அந்தப் பந்தியிலேயே வெட்டிப்போட்டான். நம்பக்கூடாதவனை நம்பிக் கெட்டதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. ஆனால் நூலில் கெதலியாவின்மேல் ஒரு சாப வார்த்தைகூட விழவில்லை. ஆள் தெரியாமல் ஏமாந்தான், அவ்வளவுதான். 17:5-ன் சாபம் வேறு தினுசு.

இப்போது உங்கள் வீட்டுக்கு வந்தவருடைய விஷயம். நம்பிக்கையைத் தவறான இடத்தில் வைப்பது பற்றி எரேமியா மிக ஆபத்தான பிரசங்கம் செய்தது எகிப்தைக் குறித்து அல்ல, ஆலயத்தைக் குறித்து. யோயாக்கீமின் ஆட்சித் தொடக்கத்தில், ஆலய வாசலிலேயே நின்று, "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம் இதுவே" என்ற பொய்வார்த்தைகளை நம்பாதேயுங்கள் என்றார் (7:4). பரதேசியையும் திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு இங்கே வந்து தப்பினோம் என்று சொல்வீர்களோ, சீலோவில் இருந்த என் ஸ்தலத்துக்கு நான் செய்ததைப் போய்ப் பாருங்கள் என்றார். சீலோ, முன்பு ஆசரிப்புக் கூடாரம் இருந்து பாழாய்ப்போன இடம். செத்துப்போவாய் என்று ஆசாரியர்களே முதலில் சூழ்ந்துகொண்டார்கள். ஆக, மிகப் பரிசுத்தமானதும் மாம்ச புயம் செய்கிற வேலையைச் செய்யக்கூடும். சிதேக்கியாவின் நாளில் அனானியா என்ற தீர்க்கதரிசி, கர்த்தர் சொல்லுகிறார் என்று தொடங்கி, இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஜனங்களுக்குப் பிடித்த வாக்கைக் கொடுத்தான். நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படிச் செய்தாய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"மாத்திரையை விடு, என் ஜெபத்தில் குணமாவாய்" என்கிறவர் கேட்பது யார்மேல் நம்பிக்கை? டாக்டரிடம் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் காட்டிக் கேள்வி கேட்கலாம், வேறு டாக்டரிடமும் போகலாம். இவரிடம் கேள்வி கேட்டால் அவிசுவாசம் என்கிறார். மனுஷனை நம்பாதே என்ற வசனத்தை வைத்துத் தன்னை நம்பச் சொல்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அனானியாவும் ஒருவேளை மனதார நம்பித்தான் பேசியிருப்பான்.

வசனம் 6-ம் 8-ம் பற்றிக் கொஞ்சம். உவர்நிலத்துச் செடி, நீரோரத்து மரம் என்ற இந்த ஜோடியில் 8-ஆம் வசனத்தைப் புதுவருஷ வாக்குத்தத்த அட்டையில் பார்த்திருப்பீர்கள். அந்தச் செடி எது என்பதில் பல அபிப்பிராயங்கள். சவக்கடல் ஓரம் வளர்கிற, நம்மூர் எருக்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு புதர் என்பது அவற்றில் ஒன்று. காய் பெரிதாகப் பச்சையாக உப்பியிருக்கும், பிளந்தால் காற்றும் பஞ்சும்தான். எனக்கு இந்த அடையாளம் பிடித்திருக்கிறது, அது சரி என்று நிரூபிக்க முடியாது. அட்டையில் விட்டுப்போகிற விஷயம், மரத்துக்கும் வெயிலும் மழைத்தாழ்ச்சியும் வருகின்றன என்பது. நம்புகிறவன் ஊரில் மட்டும் மழை பெய்யும் என்று எரேமியா சொல்லவில்லை. அவரே ஒரு நாள் கர்த்தரைப் பார்த்து, நீர் எனக்கு நம்பப்படாத தண்ணீரைப்போல இருப்பீரோ என்று கேட்டுவிட்டவர் (15:18). நீரோரத்து மரத்தைப் பாடியவரும், ஆறு வற்றிவிட்டதே என்று கத்தியவரும் ஒரே ஆள். அம்மாவுக்குக் குணமாகவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று அடுத்து ஒரு பேச்சு வரும். அப்போது இந்த 15-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

கடைசியாக ஆசா. 2 நாளாகமம் 16:12 சொல்வது, கால்களில் வியாதி கண்டபோதும் அவன் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களையே தேடினான் என்று. வைத்தியர்களால் செத்தான் என்று அங்கே இல்லை. வியாதி வந்தது ஆட்சியின் 39-ஆம் வருஷத்தில், செத்தது 41-ல். ஏசாயா தீர்க்கதரிசியே எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21), ஆகவே மருந்து குற்றமாயிருக்க முடியாது. ஆசாவின் கதையை அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்து வாசிக்க வேண்டும். இஸ்ரவேல் ராஜா பாஷா ராமாவைக் கட்டி வழியை அடைத்தபோது, ஆசா ஆலயப் பொக்கிஷத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் எடுத்துத் தமஸ்குவில் இருந்த சீரிய ராஜா பெனாதாத்துக்கு அனுப்பினான். அரசியலாகப் பார்த்தால் அது பலித்தது, பாஷா வேலையை நிறுத்திவிட்டான். ஞானதிருஷ்டிக்காரனான அனானி (இவர் மேலே சொன்ன அனானியா அல்ல) வந்து, நீர் சீரியாவின் ராஜாவைச் சார்ந்துகொண்டீர் என்று கண்டித்தார். ஆசா கோபப்பட்டு அவரைக் காவலறையில் போட்டான். அதற்கு அடுத்த வரி, அக்காலத்தில் ஆசா ஜனங்களில் சிலரையும் கொடுமையாய் நடத்தினான் என்கிறது. இவ்வளவுக்கும் பிறகுதான் கால்வியாதியும் வைத்தியர்களும் வருகிறார்கள். அடுத்த முறை அவர் உங்கள் வீட்டில் 12-ஆம் வசனத்தை வாசிக்கும்போது, 10-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.